‘ஃப்ரீ’ என்றால் இலவசம் மட்டும்தானா? பிஸ்கட் பாக்கெட் முதல் லேப் ரிப்போர்ட் வரை... ஒரு சொல், பல அர்த்தம்!

காலையில் ஆபீஸ் சாட்டில் மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ்: “ஃப்ரீயா?” மதியம் சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப்பில் ‘ஃப்ரீ டெலிவரி’. சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட். ராத்திரி லேபிலிருந்து பி.டி.எஃப். ஆக வந்த தைராய்டு ரிப்போர்ட்டில் ‘ஃப்ரீ டி4’.

நாலு இடத்திலும் அதே ஆங்கிலச் சொல்தான். ஆனால் முதலாவதுக்கு ‘வேலை எதுவும் இல்லையே’ என்று அர்த்தம். இரண்டாவதுக்கு ‘கட்டணம் கிடையாது’. மூன்றாவதுக்கு ‘சர்க்கரை இல்லை’. நாலாவதுக்கு? லேப்காரர்கள் டி4 டெஸ்ட்டை இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டார்கள் என்று நிச்சயமாக அர்த்தம் இல்லை!

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது ‘ஃப்ரீ என்றால் இலவசம், அல்லது சுதந்திரம்’ என்பதுதான். அந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு லேபிளையும் பில்லையும் படித்தால் பல இடங்களில் ஏமாந்துபோவோம். இந்த ஒரு சொல் எங்கெங்கே என்னென்ன வேலை செய்கிறது, எந்த இடத்தில் நாம் உஷாராக இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

அடிப்படை அர்த்தம் என்ன?

‘கட்டு இல்லாதது’. அவ்வளவுதான். எதனுடனும் கட்டப்படாமல், எதற்குள்ளும் அடைபடாமல் இருப்பது. மற்ற எல்லா அர்த்தங்களும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

இந்தச் சொல்லின் வேர் கொஞ்சம் ஆச்சரியமானது. ‘ஃப்ரீ’யின் மூல வேருக்கு ‘அன்பு செலுத்துவது’ என்று பொருள். நண்பரைக் குறிக்கும் ‘ஃப்ரெண்ட்’, வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் ‘ஃப்ரைடே’ இரண்டும் இதே குடும்பம். சமஸ்கிருதத்தில் ‘பிரிய’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அங்கிருந்து தமிழுக்கு வந்ததுதான் நாம் சொல்லும் ‘பிரியம்’. ஆக, உங்கள் காலேஜ் தோழி பிரியாவும் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் ‘ஃப்ரீ’யும் தூரத்துச் சொந்தக்காரர்கள்!

அன்புக்கும் விடுதலைக்கும் என்ன தொடர்பு? மொழியியல் அறிஞர்கள் சொல்லும் விளக்கம் இது: பழைய ஜெர்மானியச் சமூகத்தில் ஒரு குடும்பத்துக்குள் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். ஒரு பக்கம் ரத்த சொந்தங்கள், அதாவது ‘பிரியமானவர்கள்’. இன்னொரு பக்கம் அடிமைகள். அடிமை அல்லாதவரைக் குறிக்க ‘பிரியமானவர்’ என்ற சொல்லையே பயன்படுத்தி, காலப்போக்கில் அதற்கு ‘அடிமை அல்லாதவர்’ என்ற பொருளே நிலைத்துவிட்டது.

‘காசு வேண்டாம்’ என்ற அர்த்தம் ரொம்பப் பின்னால் வந்தது. ‘செலவிலிருந்து விடுபட்டது’ என்ற சொற்றொடர் சுருங்கி, 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தனி ‘ஃப்ரீ’ ஆக நின்றது. அதாவது, இன்று நாம் முதல் அர்த்தமாக நினைக்கும் ‘இலவசம்’ உண்மையில் இந்தச் சொல்லின் கடைக்குட்டி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘ஃப்ரீ’ என்றால் ‘விடுபட்டது’. விடுபட்டது சரி, எதிலிருந்து? அந்த ‘எதிலிருந்து’ என்பதைத்தான் ஆங்கிலம் பெரும்பாலும் வெளியே சொல்லாமல் விட்டுவிடும். அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

விலை இல்லையா, தளை இல்லையா?

பிரெஞ்சு மொழியில் இந்தக் குழப்பம் இல்லை. விடுதலைக்கு ‘லீப்ர்’, காசில்லாததற்கு ‘கிராத்துயி’ என்று தனித்தனிச் சொற்கள். ஸ்பானிஷிலும் ‘லிப்ரே’, ‘கிராட்டிஸ்’ என்று இரண்டு. ஆங்கிலத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒரே சொல்.

இதனால் ஒரு பெரிய இயக்கமே சிக்கலில் மாட்டியது. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். 1985-இல் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்’ தொடங்கினார். அவர் சொன்ன ‘ஃப்ரீ’க்கு விலையோடு சம்பந்தம் இல்லை. ஒரு மென்பொருளை யார் வேண்டுமானாலும் இயக்கலாம், உள்ளே திறந்து படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்கிற உரிமைதான் அவருடைய ‘ஃப்ரீ’. காசு வாங்கிக்கொண்டுகூட அப்படிப்பட்ட மென்பொருளை விற்கலாம். ஆனால் கேட்டவர்கள் எல்லாம் ‘ஓ, ஓசியா!’ என்றுதான் புரிந்துகொண்டார்கள். நிறுவனங்கள் தயங்கின. இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதும் ஒரு காரணமாக, 1998-இல் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற புதுப்பெயர் வந்தது.

தமிழில் இந்த இடத்தை அழகாகச் சமாளித்திருக்கிறோம். நம் ஊர்க் கணினி ஆர்வலர்கள் ‘இலவச மென்பொருள்’ என்று மொழிபெயர்க்காமல் ‘கட்டற்ற மென்பொருள்’ என்றார்கள். தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னைக் ‘கட்டற்ற கலைக்களஞ்சியம்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறது. அந்தச் சொல்லின் ஆதி அர்த்தத்துக்கே நேராகப் போய்விட்டார்கள்.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் இங்கே உண்டு. 2006-க்குப் பிறகு தமிழக அரசு கொடுத்தது ‘இலவச’ வண்ணத் தொலைக்காட்சி. 2011-க்குப் பிறகு வந்த மிக்ஸி, கிரைண்டர், மடிக்கணினிக்கு முன்னால் ‘விலையில்லா’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலச் செய்தியில் இரண்டுமே வெறும் ‘ஃப்ரீ’தான். தமிழில் சொல் மாறியதும் தொனியும் மாறியது. ‘இலவசம்’ கொடுப்பவரை நினைவுபடுத்தும். ‘விலையில்லா’ பொருளைப் பற்றி மட்டும் பேசும்.

முன்னால் வந்தால் ஒன்று, பின்னால் வந்தால் வேறு!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ‘சுகர் ஃப்ரீ’, ‘ஃப்ரீ சுகர்’ இரண்டும் ஒன்றா?

நேர் எதிர்.

‘சுகர் ஃப்ரீ’ என்றால் சர்க்கரையிலிருந்து விடுபட்ட உணவு. ‘ஃப்ரீ சுகர்’ என்றால் விடுபட்ட நிலையில் இருக்கும் சர்க்கரை. ஒரு முழு ஆரஞ்சில் இருக்கும் சர்க்கரை அதன் செல் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கும். அதையே ஜூஸ் பிழிந்தால் சர்க்கரை வெளியே வந்து ‘ஃப்ரீ’ ஆகிவிடும். நாம் சேர்க்கும் சர்க்கரை மட்டுமல்ல. தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக இருக்கும் சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் ‘ஃப்ரீ சுகர்’ கணக்கில்தான் சேர்க்கிறது. ஒரு நாளில் நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் இது 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல். தினமும் 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது சுமார் 50 கிராம். 12 டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால், ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று எழுதிய ஜூஸ் பாட்டிலிலும் ‘ஃப்ரீ சுகர்’ தாராளமாக இருக்கலாம். லேபிள் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வி வேறு, அது சொன்ன பதில் வேறு.

‘சுகர் ஃப்ரீ’ என்றால் சர்க்கரை சுத்தமாக இல்லையா?

‘பூஜ்யம்’ என்று அர்த்தம் இல்லை. ‘ஒரு வரம்புக்குள்’ என்றுதான் அர்த்தம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 100 கிராம் உணவில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லையென்றால் ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டுக்கொள்ளலாம். திரவமாக இருந்தால் 100 மில்லிக்கு 0.5 கிராம். ‘குளூட்டன் ஃப்ரீ’க்கு வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

இந்தச் சிறிய வரம்பு பெரிய பிரச்சினை இல்லை. நாம் உஷாராக இருக்க வேண்டியது வேறோர் இடத்தில். ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட் சர்க்கரையிலிருந்து மட்டும்தான் ஃப்ரீ. மைதாவிலிருந்து ஃப்ரீ இல்லை. அந்த மைதாவின் மாவுச்சத்து உடம்புக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறும். பொருட்கள் பட்டியலில் ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’ என்று ஒன்று இருந்தால் அதுவும் அப்படித்தான். லேபிள் கணக்கில் அது சர்க்கரை இல்லை. ரத்தத்தில் அது குளுக்கோஸ்.

வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை நோய் என்றால், ‘சுகர் ஃப்ரீதானே, நாலு எடுத்துக்கோங்க’ என்று சொல்வதற்கு முன்னால் பாக்கெட்டைத் திருப்புங்கள். பின்பக்கம் ‘மொத்த கார்போஹைட்ரேட்’ என்று ஒரு வரி இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

‘கொலஸ்ட்ரால் ஃப்ரீ’ எண்ணெயும் இதே கதை. தாவர எண்ணெய்களில் கொலஸ்ட்ரால் இருப்பதாகச் சொல்லும் அளவுக்கு இயல்பிலேயே கிடையாது. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, எந்த பிராண்டாக இருந்தாலும் சரி. ஆனால் கொழுப்பிலிருந்து அது ஃப்ரீ இல்லை. எண்ணெய் என்பதே கொழுப்புதானே!

சரி, அந்த ‘ஃப்ரீ டி4’ என்ன?

தைராய்டு சுரப்பி தரும் தைராக்சின் ஹார்மோனின் சுருக்கப் பெயர்தான் டி4. ரத்தத்தில் ஓடும் தைராக்சினில் 99 சதவீதத்துக்கும் மேல் புரதங்களுடன் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டியிருக்கும் வரை அது செல்களுக்குள் போய் வேலை செய்யாது. எதனுடனும் ஒட்டாமல் திரியும் மிகச் சிறிய பங்குதான் ‘ஃப்ரீ டி4’. உடம்பில் வேலை செய்வது அந்தப் பங்குதான்.

கர்ப்பகாலத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் தைராக்சினைப் பிடித்துவைக்கும் புரதத்தின் அளவு கூடும். அப்போது ‘டோட்டல் டி4’ எண்ணிக்கை ஏறிக் காட்டலாம். ஆனால் தைராய்டில் கோளாறு இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. இந்த மாதிரிக் குழப்பத்தைக் குறைக்கத்தான் டாக்டர்கள் ‘ஃப்ரீ’ அளவைக் கேட்கிறார்கள். ஆகவே, இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்து ஒப்பிடும்போது ஒன்றில் ‘டோட்டல்’, இன்னொன்றில் ‘ஃப்ரீ’ என்று இருந்தால் எண்களை ஒப்பிட்டுப் பயந்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகள்.

பணம் என்று வந்தால் ‘ஃப்ரீ’க்கு என்ன அர்த்தம்?

இங்கே ‘எதிலிருந்து ஃப்ரீ?’ என்ற கேள்வியோடு ‘யார் கட்டுகிறார்கள்?’, ‘எதுவரை?’ என்று இன்னும் இரண்டு கேள்விகள் சேர வேண்டும்.

ஃப்ரீ டெலிவரி: டெலிவரி கட்டணத்திலிருந்து மட்டும் ஃப்ரீ. பேக்கிங் கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் பில்லின் அடியில் தனியாக வந்து உட்கார்ந்திருக்கும்.

டோல் ஃப்ரீ: 1800-இல் தொடங்கும் எண்ணுக்கு அழைத்தால் உங்களுக்குச் செலவில்லை. செலவே இல்லை என்பதல்ல. அழைப்பை எடுக்கும் நிறுவனம் கட்டுகிறது. 1860-இல் தொடங்குவது பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் டோல் ஃப்ரீ இல்லை.

ஒன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ: இதில் ஜி.எஸ்.டி. துறையே தெளிவாக இருக்கிறது. மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2019 மார்ச் மாதம் வெளியிட்ட சுற்றறிக்கை, இதைத் தனியாக ஓர் இலவசப் பொருளாகப் பார்க்க முடியாது, ஒரு விலைக்கு இரண்டு பொருள் என்றுதான் பார்க்க முடியும் என்று விளக்கியது. அரசாங்கக் கணக்கில் அந்த இரண்டாவது சட்டை ‘ஃப்ரீ’ கிடையாது. நீங்கள்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

வட்டியில்லாக் காலம்: கிரெடிட் கார்டில் ‘இன்ட்ரஸ்ட் ஃப்ரீ’ நாட்கள் என்று வரும். பில் தொகையை முழுசாகக் கட்டினால்தான் அது செல்லும். ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டினால் அந்தச் சலுகை போய்விடும்; பொருள் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். ‘லைஃப்டைம் ஃப்ரீ’ கார்டு என்பதும் ஆண்டுக் கட்டணத்திலிருந்து மட்டும்தான் ஃப்ரீ.

ஃப்ரீ லுக்: புது ஆயுள் காப்பீட்டு பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று திருப்பிக் கொடுக்கலாம். இங்கே ‘ஃப்ரீ’ என்பது ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை. மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத்தாள் கட்டணம், அத்தனை நாள் காப்பீடு கொடுத்ததற்கான பிரீமியம் இதையெல்லாம் கழித்துக்கொண்டுதான் மீதிப் பணம் வரும். ஆனாலும் ரொம்ப உபயோகமான ‘ஃப்ரீ’ இது. தெரிந்தவர் சொன்னாரே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பேப்பரைப் படித்து முழிப்பவர்களுக்கு ஒரு வாசல்.

ஃப்ரீ டிரையல்: இதில்தான் அதிகமாகச் சறுக்குகிறோம். ‘முதல் மாதம் ஃப்ரீ’ என்று கார்டையோ யூ.பி.ஐ.யையோ இணைக்கச் சொல்வார்கள். அந்த நிமிடம் நீங்கள் ஒப்புதல் கொடுப்பது அடுத்தடுத்த மாதங்களுக்கும் சேர்த்துத்தான். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இப்படி முதலில் ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால், அதன் பிறகு 15,000 ரூபாய் வரையிலான சந்தாத் தொகையை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்காமலே எடுக்கலாம். ஆனால் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். விளம்பர மெசேஜ் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறோமே, அதற்குள் அந்தத் தகவலும் இருக்கும்.

இலவச சந்தாவுக்கே கட்டாயமாக ஆட்டோ டெபிட் ஒப்புதல் கேட்பது சரியா? சரியில்லை என்கிறது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். 2023 நவம்பரில் அது வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை டிசைன் உத்திகளைப் பட்டியலிட்டன. அதில் ‘சந்தாப் பொறி’யும் ஒன்று. சந்தாவை ரத்து செய்யும் வழியை ஒளித்துவைப்பதும், இலவச சந்தாவுக்குப் பணம் எடுக்கும் அனுமதியைக் கட்டாயப்படுத்துவதும் அதில் அடக்கம். இப்படி மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் செய்யலாம்.

கிரிக்கெட்டில்கூட எல்லாம் ஃப்ரீ இல்லை!

‘ஃப்ரீ ஹிட்’ நமக்கெல்லாம் பழகிய சொல். நோ-பால் போட்டதற்குத் தண்டனையாக, அடுத்த பந்தில் பேட்ஸ்மேன் அவுட் ஆகும் பயமில்லாமல் அடிக்கலாம். பயமே இல்லையா? போல்டு, கேட்ச், எல்.பி.டபிள்யூ., ஸ்டம்பிங் போன்ற சிலவற்றிலிருந்துதான் ஃப்ரீ. ரன் அவுட் ஆனால் அவுட்தான்.

2022 அக்டோபர் 23, மெல்போர்ன். டி20 உலகக் கோப்பையில் இந்தியா - பாகிஸ்தான் ஆட்டத்தின் கடைசி ஓவர் ஞாபகம் இருக்கிறதா? ஃப்ரீ ஹிட் பந்தில் விராட் கோலியின் ஸ்டம்ப் சிதறியது. பந்து ஸ்டம்ப்பில் பட்டு ஓடியது. கோலியும் தினேஷ் கார்த்திக்கும் நிற்காமல் 3 ரன் ஓடினார்கள்; அவை ‘பை’ ரன்களாகக் கணக்கில் சேர்ந்தன. பாகிஸ்தான் வீரர்கள் நடுவரிடம் போய்ப் பேசினார்கள். ஆனால் விதி தெளிவு: போல்டிலிருந்து ஃப்ரீ என்றால், ஸ்டம்ப்பில் பட்டாலும் ஆட்டம் முடியவில்லை, பந்து இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ‘எதிலிருந்து ஃப்ரீ?’ என்பது அந்த இரண்டு பேருக்கும் அந்த நொடியில் தெரிந்திருந்தது. அந்த 3 ரன் இல்லையென்றால் ஆட்டம் எப்படி முடிந்திருக்குமோ!

ஆபீஸ் ஆங்கிலத்தில் ஃப்ரீ

மெயிலில் ‘ஃபீல் ஃப்ரீ’ என்று வந்தால் ‘தயங்காமல் கேளுங்கள்’ என்று அர்த்தம். மரியாதையான வாசகம்தான். ஆனால் நம்மைவிட மூத்தவருக்கு நாமே எழுதும்போது யோசிக்க வேண்டும். ‘ஃபீல் ஃப்ரீ’ என்பது அனுமதி கொடுப்பது. மேலதிகாரிக்கு நாம் அனுமதி கொடுப்பது போல ஒலிக்கும் இடங்களில் வேறு வாக்கியம் தேடலாம்.

‘அவர் அட்வைஸ் விஷயத்தில் ரொம்ப ஃப்ரீ’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் பாராட்டு என்று நினைக்காதீர்கள். கேட்காமலே அள்ளி விடுகிறார் என்ற லேசான குத்தல் அதில் இருக்கும்.

‘ஃப்ரீ’, ‘ஃப்ரீலி’ இரண்டையும் மாற்றிப் போட்டாலும் அர்த்தம் மாறும். குழந்தைகள் பஸ்ஸில் ‘ஃப்ரீ’யாகப் போகிறார்கள் என்றால் டிக்கெட் இல்லை. ‘ஃப்ரீலி’ போகிறார்கள் என்றால் தடை இல்லை, டிக்கெட் எடுத்திருக்கலாம்.

‘ஃப்ரீலான்ஸ்’ பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘லான்ஸ்’ என்றால் ஈட்டி. எந்த ஒரு பிரபுவுக்கும் கட்டுப்படாமல், கூலி கொடுப்பவருக்காகப் போரிட்ட வீரர்களைக் குறிக்கும் இந்தச் சொல்லைப் பிரபலமாக்கியது, வால்டர் ஸ்காட் 1819-இல் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ நாவல். அவர்கள் எஜமானரிடமிருந்துதான் ஃப்ரீ. கூலியிலிருந்து இல்லை! ‘உங்களுக்கு எக்ஸ்போஷர் கிடைக்கும், காசு இப்போதைக்கு இல்லை’ என்று ஃப்ரீலான்சர்களிடம் சொல்பவர்கள் சொல்லின் முன்பாதியை மட்டும் படித்துவிட்டார்கள் போல.

தமிழ் ‘ஃப்ரீ’ தனி ரகம்

இவ்வளவையும் வாங்கிக்கொண்ட நாம், சொந்தமாகவும் ஒன்றைச் சேர்த்துவிட்டோம். ‘ஃப்ரீயா விடு!’ இதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் வெள்ளைக்காரருக்குப் புரியாது. மனசில் போட்டு இறுக்கி வைக்காதே, அவிழ்த்துவிடு என்கிறோம். யோசித்துப் பார்த்தால், இதுவும் அதே ‘கட்டு இல்லாதது’தான்.

நம்மிடம் ஏற்கெனவே ‘சும்மா’ இருந்ததால் இந்தச் சொல் இங்கே எளிதாக ஒட்டிக்கொண்டது என்று தோன்றுகிறது. ‘சும்மா இருக்கேன்’ என்றால் வேலை இல்லை. ‘சும்மா குடுத்தாங்க’ என்றால் காசு இல்லை. ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’யும் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. மெக்கானிக் ஷாப்பில் ‘வீல் ஃப்ரீயா சுத்துது’ என்பதும், ‘இந்த பேன்ட் கொஞ்சம் ஃப்ரீயா இருக்கு’ என்பதும் அகராதி பார்க்காமலே எல்லோருக்கும் புரிவது இதனால்தான்.

சுருக்கமாக...

ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் ‘ஃப்ரீ’ வந்தால் அந்தப் பொருள் இல்லை, அல்லது வரம்புக்குள் இருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

அறிவியல் சொல்லுக்கு முன்னால் ‘ஃப்ரீ’ வந்தால் அது எதனுடனும் ஒட்டாமல் தனித்திருக்கிறது. விலையோடு சம்பந்தமே இல்லை.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் ‘ஃப்ரீ’ வந்தால் மூன்று கேள்வி: எந்தக் கட்டணத்திலிருந்து? எதுவரை? என் பங்கை யார் கட்டுகிறார்கள்?

கடைசியாக, இப்போதே செய்யக்கூடிய ஒரு வேலை. உங்கள் யூ.பி.ஐ. ஆப்பைத் திறந்து ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய்ப் பாருங்கள். எப்போதோ ‘ஃப்ரீ’ என்று சேர்ந்து, மறந்தே போன சந்தா ஏதாவது அங்கே ஓடிக்கொண்டிருந்தால், ரத்து செய்யும் பட்டனும் அங்கேயே இருக்கும்.